பாபாவும் நானும் முடிக்காத வாக்குவாதம்

2001 டிசம்பர் 24, திங்கட்கிழமை. நைஜீரியாவின் இபாடான் நகரத்தில் ஹார்மட்டான் வீசிக்கொண்டிருந்தது. சகாராவிலிருந்து வரும் அந்தக் காற்று பொடி மண்ணைக் கொண்டுவந்து கார் கண்ணாடி, கொசுவலை, உதடு என்று எல்லாவற்றிலும் பூசிவிடும். என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போக ஏழு மணிக்கு வர வேண்டிய ஓட்டுநர் அன்று ஒன்பதரைக்குத்தான் வந்தார். அறுபதைத் தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரைப் பாபா என்றுதான் கூப்பிடுவோம். வந்தவர் வண்டியை எடுக்கவில்லை. தலையில் எப்போதும் இருக்கும் துணித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "அங்கிள் போலாவைச் சுட்டுவிட்டார்கள், ஓகா" என்றார். ஓகா என்றால் அங்கே முதலாளி.

அங்கிள் போலா என்றால் போலா இகே. நைஜீரியாவின் நீதி அமைச்சர். முந்தின நாள் ஞாயிறு இரவு, அதே இபாடானில், போடிஜா பகுதியில் இருந்த அவருடைய சொந்த வீட்டில், படுக்கையறைக்குள்ளேயே போய்ச் சுட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்களாம். நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து அந்த இடம் காரில் கால் மணி நேரம்கூட இருக்காது. இகே அந்த ஊருக்கு வெறும் அமைச்சர் இல்லை. 1979 முதல் 1983 வரை ஓயோ மாநில ஆளுநராக இருந்தவர். இபாடான்தான் அதன் தலைநகரம். பாபாவின் பிள்ளைகள் படித்தது இகே காலத்துப் பள்ளிக்கூடங்களில். துக்கம் அவருக்குச் சொந்தத் துக்கம்தான்.

நான் அப்போது சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இந்த மாதிரி நல்லவர்கள்தான் அரசாங்கத்துக்குள் இருக்க வேண்டும் பாபா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் பாபா திரும்பி என்னைப் பார்த்தார். "இருக்கவே கூடாது. ஒனகோருவாவும் இப்படித்தான் போனார். மகனைப் பறிகொடுத்தார். அதுவும் டிசம்பர்தான்."

ஒனகோருவா யார் என்று எனக்கு அன்று தெரியாது. தெரியாமலே மறுத்துப் பேசினேன். நல்லவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். "யார் வேண்டுமானாலும் உட்காரட்டும். நம் ஆள் பெயரை எதற்கு அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்?" என்றார். அதன்பிறகு இருபது நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. தெருவில் கடைகள் திறக்கவில்லை. அங்கங்கே கூட்டம் நின்றிருந்தது. கடைசியில் அன்று தொழிற்சாலைக்குப் போகாமல் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டேன். அந்த வாக்குவாதத்தை மட்டும் இன்றுவரை விட முடியவில்லை. அன்று எனக்கு இருபத்தொன்பது வயது. இப்போது பாபாவின் அன்றைய வயதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரே நாற்காலி, இரண்டு வேலை

நம் நாட்டில் சட்ட அமைச்சர் வேறு, அட்டர்னி ஜெனரல் வேறு. நைஜீரியாவில் இரண்டும் ஒருவரே. அரசியல் சட்டத்தின் 150-வது பிரிவு, அட்டர்னி ஜெனரல்தான் நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி, அவரே மத்திய அரசின் அமைச்சரும்கூட என்று சொல்கிறது. 174-வது பிரிவு அவருக்குக் கொடுக்கும் அதிகாரம் இன்னும் பெரியது. மத்தியச் சட்டங்களின் கீழ் வரும் எந்தக் குற்ற வழக்கையும் அவர் தொடுக்கலாம், வேறொருவர் தொடுத்ததைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிடலாம். பொதுநலனையும் நீதியின் நலனையும் மனதில் வைத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் அதை அவர் மனதில் வைத்தாரா என்று யார் பார்ப்பது? 1983-ல் இலோரி வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. அது லாகோஸ் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு வழக்கை நிறுத்தியது பற்றியது. வழக்கைத் தொடுப்பதிலும் நிறுத்துவதிலும் அட்டர்னி ஜெனரல் தனக்குத் தானே எஜமான், தனக்குத் தானே சட்டம், நீதிமன்றம் உட்பட யாருக்கும் அவர் கட்டுப்பட்டவர் இல்லை என்று நீதிபதி கயோடே எசோ எழுதினார். தவறாகப் பயன்படுத்தினால் நியமித்தவர் நீக்கலாம், மக்கள் கருத்து தண்டிக்கலாம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு உறுத்துவது, இந்தப் பெரிய அதிகாரம் அமைச்சரவையில் உட்காரும் ஓர் அரசியல்வாதியின் கையில் இருப்பது. காலையில் அமைச்சரவைக் கூட்டம், மத்தியானம் அதே அமைச்சரவையில் இருக்கும் ஒருவர்மீது வழக்குப் போடலாமா வேண்டாமா என்ற முடிவு. இரண்டு வேலையையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே பல வருடமாக இருக்கிறது. நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் 2023-ல் லதீஃப் ஃபாக்பெமி பதவியேற்றபோதும் இரண்டு பட்டமும் சேர்த்தேதான் கொடுத்தார்கள்.

பாபாவுக்கு 174-வது பிரிவு தெரியாது. ஆனால் சட்டம் எப்படி நகராமல் நிற்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய தங்கை மகன் 1999-ல் ஒரு திருட்டு வழக்கில் பிடிபட்டு உள்ளே போனவன். பத்தொன்பது வயது. குற்றப்பத்திரிகை, சாட்சி, எதுவும் இல்லை. நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவதும், வண்டி இல்லை, கோப்பு வரவில்லை என்று வாய்தா வாங்குவதுமாக இரண்டு வருடம் ஓடிவிட்டது. நைஜீரியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி விசாரணைக்காகக் காத்திருப்பவர்கள்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபா சோறும் சோப்பும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

2000-ல் இகேவை மின்துறையிலிருந்து நீதித்துறைக்கு மாற்றினார்கள். மின்துறையில் இருந்தபோது ஆறு மாதத்தில் மின்சாரத்தைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு அவரால் முடியவில்லை. எங்கள் தொழிற்சாலையில் டீசல் ஜெனரேட்டர் ஓடாத நாள் கிடையாது என்பதால் எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நீதித்துறைக்கு வந்தார் என்றதும் பாபாவின் முகம் மலர்ந்தது. "இவர் வக்கீல், ஓகா. சிறையிலும் இருந்தவர்" என்றார். உண்மைதான். 1983 கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இகேவைப் பிடித்துச் சிறப்புத் தீர்ப்பாயத்தில் நிறுத்தித் தண்டித்தார்கள். 1985-ல்தான் வெளியே வந்தார். பின்னால் வந்த ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா காலத்தில் மறுபடியும் சிறை. உள்ளே இருப்பது எப்படி என்று தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தங்கை மகனுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று பாபா நம்பினார். ஒன்றரை வருடம் கழித்துத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காரணம் இதுவும்தான்.

தொப்பி என்று எழுதும்போது ஒன்று சொல்ல வேண்டும். யோருபா மக்களிடம் பெரியவர் ஒருவரின் தலையிலிருந்து தொப்பியைத் தட்டிவிடுவது சாதாரண அவமானம் இல்லை. அந்தக் கொலைக்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் இஃபே நகரத்தில், அரசரின் அரண்மனை விழாவில், ஒரு கும்பல் இகேவை வளைத்துத் தொப்பியையும் கண்ணாடியையும் பறித்திருந்தது. நாட்டின் நீதி அமைச்சரை, பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால். அப்போதே பாபா சொன்னார், இது தொப்பியோடு நிற்காது என்று. நான் அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயர்களின் வரிசை

அந்த வாக்குவாதத்துக்கு அப்புறம்தான் 1960 அக்டோபர் 1-க்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இருபது பேருக்கும் மேல். எல்லோரையும் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிலர் வந்தார்கள், போனார்கள். ஆனால் பாபாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலுக்காகச் சிலரிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன்.

முதலாமவர் தஸ்லிம் ஒலவாலே எலியாஸ். அரசியல்வாதி இல்லை, பெரிய சட்ட அறிஞர். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சாசனம் எழுதியதில் பங்குள்ளவர். பின்னாளில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவே ஆனவர். 1966-ல் ராணுவம் வந்தபோது போனார், அதே வருடம் திரும்ப அழைக்கப்பட்டார். 1970-ல் லகான்மி வழக்கில், ராணுவ ஆணை ஒன்று குறிப்பிட்ட ஆட்களின் சொத்தைக் குறிவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் துணிந்து தீர்ப்புச் சொன்னது. சில வாரத்துக்குள் ராணுவ அரசு 28-ம் எண் ஆணையைப் போட்டு அந்தத் தீர்ப்பையே இல்லாமல் ஆக்கிவிட்டது. எங்கள் ஆணையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்றது. அப்போது அட்டர்னி ஜெனரல் எலியாஸ். அவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார் என்பது வெளியே வரவில்லை. ஆனால் அவரைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்தும் அது நடந்தது என்பதைப் படித்தபோது பாபாவின் பக்கம் ஒரு கல் ஏறியது போல இருந்தது. இன்னொன்றும் நடந்தது. 1972-ல் தலைமை நீதிபதி ஆன எலியாஸை 1975-ல் ஆட்சியைப் பிடித்த அடுத்த ராணுவக் குழு வீட்டுக்கு அனுப்பியது.

ரிச்சர்ட் அகின்ஜிடேவின் கதை இன்னொரு மாதிரி. 1979 அதிபர் தேர்தல். அன்று நைஜீரியாவில் 19 மாநிலங்கள். ஜெயிக்கிறவர் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு ஓட்டு வாங்க வேண்டும். 19-ல் மூன்றில் இரண்டு பங்கு 12-ம், கூடவே மூன்றில் இரண்டும். மாநிலத்தை வெட்ட முடியாது, ஆகவே 13 என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஷெஹு ஷகாரிக்கு 12 மாநிலம்தான் தேறியது. பதின்மூன்றாவதான கானோவில் ஏறக்குறைய 20 சதவீதம். ஷகாரி கட்சியின் சட்ட ஆலோசகரான அகின்ஜிடே, 12-க்கு மேல் கானோவில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் போதும் என்று வாதாடினார். உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எசோ ஒப்பவில்லை. இந்தத் தீர்ப்பை யாரும் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஒரு நீதிமன்றம் தன் தீர்ப்பைப் பற்றித் தானே அப்படிச் சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஷகாரி அதிபர் ஆனார். அகின்ஜிடே நீதி அமைச்சர் ஆனார்.

ராணுவம் 1983 கடைசியில் திரும்பி வந்தது. 1984-ல் 20-ம் எண் ஆணை. கொக்கெய்ன் கடத்தினால் மரண தண்டனை, அதுவும் முன்தேதியிட்டு. 1985 ஏப்ரலில் லாகோஸின் கிரிகிரி சிறையில் மூன்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெர்னார்ட் ஒகெடெங்பே என்பவர் பிடிபட்ட நாளில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனையே கிடையாது. செய்தபோது சாவுக்குரியது இல்லாத செயலுக்குப் பின்னால் போட்ட ஆணையால் உயிரை எடுப்பது தவறு என்பது சட்டக் கல்லூரியில் முதல் வருடப் பாடம். சிகே ஒஃபோடிலே என்ற வழக்கறிஞர் அப்போது நீதி அமைச்சர். ஆட்சி கவிழும் வரை பதவியில் இருந்தார். 1995 நவம்பர் 10-ல் எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் எட்டு பேரையும் சிறப்புத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பின்பேரில், மேல்முறையீட்டுக்கே வழி கொடுக்காமல் தூக்கிலிட்டார்கள். மைக்கேல் அக்பமூச்சே என்பவர் நீதி அமைச்சர். அவரும் தொடர்ந்தார். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில், சரியாக அந்த இடைவெளியில், பாபா சொன்ன ஒனகோருவா வருகிறார்.

1994 செப்டம்பர்

ஒலு ஒனகோருவா மனித உரிமை வழக்கறிஞர். ராணுவத்துக்கு எதிராக வாதாடியும் எழுதியும் பெயர் வாங்கியவர். 1993 ஜூன் 12 தேர்தலில் மோஷூத் அபியோலா ஜெயித்தார், ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது, நவம்பரில் அபாச்சா ஆட்சியைப் பிடித்தார். அப்போது ஒனகோருவாவைக் கூப்பிட்டு நீதி அமைச்சர் ஆகுங்கள் என்றார் அபாச்சா. அவர் ஒப்புக்கொண்டார். அவர் மட்டும் இல்லை. அபியோலாவோடு துணை அதிபர் பதவிக்கு நின்றவரே வெளியுறவு அமைச்சர் ஆனார். அபாச்சா சீக்கிரம் ஆட்சியை அபியோலாவிடம் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை பலருக்கும் இருந்தது. ஒனகோருவாவின் தோழர், அந்த நாட்டு மனித உரிமை வழக்குகளில் முதல் பெயரான கனி ஃபாவேஹின்மி, இதைக் கடுமையாக எதிர்த்தார்.

நடந்தது என்ன? 1994 ஜூனில் நான்தான் அதிபர் என்று அறிவித்த அபியோலாவைப் பிடித்து ராஜதுரோக வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுத்தது மத்திய அரசு. அதன் அட்டர்னி ஜெனரல் ஒனகோருவா. பாபா இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிடும். "நாங்கள் ஓட்டுப் போட்ட மனிதனை உள்ளே வைக்க, எங்களுக்காக வாதாடிய வக்கீலின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்" என்பார். இதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. அபியோலா திரும்பி வரவே இல்லை. 1998 ஜூலை 7-ல் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார்.

ஆனால் செப்டம்பர் வந்தது. அபாச்சா அரசு ஒரே மூச்சில் எட்டு ஆணைகளை வெளியிட்டது. மூன்று பத்திரிகை நிறுவனங்களுக்குத் தடை. எண்ணெய்த் தொழிலாளர் சங்கங்களின் நிர்வாகம் கலைப்பு. அரசின் எந்தச் செயலையும் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று ஒன்று. அப்புறம் 14-ம் எண் ஆணை. பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பிடித்து வைத்திருப்பவர்களுக்காக ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்றது அது. ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவனை நீதிபதி முன் கொண்டுவந்து காட்டு என்று அம்மாவோ மனைவியோ கேட்பதற்கு உள்ள கடைசி வழியும் அதோடு அடைபட்டது. வாழ்க்கை முழுக்க அந்த மனுக்களைப் போட்டே வளர்ந்த வழக்கறிஞர் அப்போது நீதி அமைச்சர். ஆணைகள் அவருக்குத் தெரியாமல் வந்திருந்தன.

அவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். இந்த ஆணைகள் என் அமைச்சகத்தில் தயாரானவை அல்ல, எனக்குத் தெரியாது, இவற்றுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் பதவி போயிற்று. மொத்தம் பத்து மாதம்தான் அந்த நாற்காலியில் இருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் வருடக்கணக்கில் நிற்கிறேன். அன்று அவர் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பேசாமல் இருந்திருக்கலாம். எலியாஸ் போல உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம், பிற்பாடு பெரிய பதவிகூடக் கிடைத்திருக்கும். உடல்நிலை சரியில்லை என்று ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு லண்டன் போயிருக்கலாம். அதெல்லாம் செய்யாமல் பதவியில் இருந்துகொண்டே, அபாச்சா எந்த மாதிரி ஆள் என்று பத்து மாதம் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, கேமராக்களின் முன்னால் உட்கார்ந்து இது என் சட்டம் இல்லை என்று சொல்கிறார். ஒஃபோடிலே காலத்து முன்தேதி ஆணைக்கும் அக்பமூச்சே காலத்துத் தூக்குக்கும் அப்படி ஒரு குரல் அந்த நாற்காலியிலிருந்து வரவில்லை. வெளியே நின்று ஃபாவேஹின்மி ஆயிரம் தடவை சொன்னார், அதற்காகச் சிறைக்கும் போனார். அவரை நான் கும்பிடுகிறேன். ஆனால் இந்தச் சட்டம் சட்டமே இல்லை என்று அந்த நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியே சொன்னதாக ஒரு பதிவு இருக்க வேண்டுமென்றால், அவர் உள்ளே போயிருந்தால்தான் முடியும். பாபாவிடம் நான் இதைத்தான் சொன்னேன், 2002-லோ 2003-லோ, லாகோஸ் நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம்.

பாபா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ஆணை போயிற்றா?" என்றார். போகவில்லை, ஆணைகள் இருந்தன என்றேன். "பையன் போனான்" என்றார்.

1996 டிசம்பரில் ஒனகோருவாவின் மகன் டோயின் கொல்லப்பட்டார். அவரும் வழக்கறிஞர்தான், இளைஞர். ராணுவ ஆட்சியின் கொலைப்படைதான் செய்தது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை. பிற்காலத்தில் உடம்பு முடங்கிச் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த மாதிரி ஒரு தகப்பனிடம் போய் உங்கள் பத்து மாதம் வீண் போகவில்லை என்று நான் சொல்ல முடியுமா? பாபா கேட்டது இதைத்தான். வார்த்தை வேறு, கேள்வி இதுதான்.

இகே வழக்கு

இகே விஷயத்துக்கு வருகிறேன். அவர் இருந்தது ராணுவ ஆட்சியில் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசில். அதனாலேயே எனக்கு அது இன்னும் அதிகமாக வலிக்கிறது. எதிர்க்கட்சிக்காரர், அன்றைய அதிபர் ஒபாசாஞ்சோ கூப்பிட்டதால் அமைச்சரவைக்குப் போனவர். இதில் அவருடைய கட்சிக்காரர்களுக்கே கோபம். எண்ணெய் வருமானத்தைப் பங்கிடும்போது கடலோர மாநிலங்களின் எல்லை கடலில் எதுவரை என்ற கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது அவர்தான். தீர்ப்பு 2002 ஏப்ரலில் வந்தபோது அவர் இல்லை. ஐக்கிய நாடுகளின் சர்வதேசச் சட்ட ஆணையத்துக்கு அவர் தேர்வாகியிருந்தார். புது வருடம் பிறந்திருந்தால் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு அங்கே போயிருப்பார்.

கொலை வழக்கு இபாடானிலேயே நடந்தது. பக்கத்து ஓசுன் மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர் உட்படப் பலர்மீது குற்றம் சாட்டினார்கள். அவர் காவலில் இருந்தபடியே 2003 தேர்தலில் நின்று செனட்டர் ஆனார். 2004-ல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றால் விடுவிப்பதுதான் சட்டம், அதில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் படுக்கையறைக்குள் வந்து சுட்டது யார்? அதன்பிறகு அந்தக் கேள்வியை எந்த நீதி அமைச்சரும் முடித்துவைக்கவில்லை. இகேவின் மனைவி அட்டினுகே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. நாட்டின் நீதி அமைச்சரும் ஒரு நீதிபதியும் சேர்ந்து வாழ்ந்த வீடு அது. வழக்கு முடிவதைப் பார்க்காமலே 2003-ல் அவரும் இறந்துவிட்டார்.

இகேவுக்குப் பிறகு கானு அகாபி மறுபடியும் அந்த நாற்காலிக்கு வந்தார். 2002 மார்ச்சில், முஸ்லிம்களுக்கு மட்டும் கூடுதல் தண்டனை விதிக்கும் ஷரியா குற்றச் சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று வடக்கு மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். சொகோட்டோவில் கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பான சஃபியா ஹுசைனி என்ற பெண்ணை அதே மாதம் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். அவரைக் காப்பாற்றியது கடிதம் என்று நான் சொல்லவில்லை, ஷரியா நீதிமன்றத்தில் நன்றாக வாதாடினார்கள். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் பாபாவுக்குப் படித்துக் காட்டினேன். பாபா முஸ்லிம். கவனமாகக் கேட்டுவிட்டு, நல்ல கடிதம் என்றார். என் பக்கம் அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

தங்கை மகன் 2003-ல் வெளியே வந்தான். மாநிலத் தலைமை நீதிபதிகள் அவ்வப்போது சிறைக்கே நேரில் போய், வருடக்கணக்கில் விசாரணை இல்லாமல் கிடப்பவர்களை வரிசையில் நிறுத்தி, கோப்பைப் பார்த்து விடுதலை செய்யும் வழக்கம் அங்கே உண்டு. அப்படி ஒரு நாள் அவன் பெயரையும் கூப்பிட்டார்கள். நாலு வருடம் கழித்து, குற்றவாளி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். எங்கள் தொழிற்சாலை ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்குக்கு உதவியாளாகச் சேர்த்துக்கொண்டோம். முதல் மாதம் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றுகொள்வான்.

நான் 2005-ல் ஊர் திரும்பினேன். கிளம்பும் நாளில் விமான நிலையம் வரைக்கும் பாபாதான் வண்டி ஓட்டினார். பழைய பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் விமானம் போயிருக்கும்.

2017 ஜூலையில் ஒரு காலை, ஒனகோருவா காலமானார் என்ற செய்தியைப் போனில் பார்த்தேன். என்னிடம் இருந்த பாபாவின் நம்பரை அழைத்தேன். எடுத்தது தங்கை மகன். பாபா போய் இரண்டு வருடம் ஆகிறது என்றான், நம்பரை மட்டும் அவன் வைத்துக்கொண்டிருந்தானாம். சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள். எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டான். ஒனகோருவா இறந்துவிட்டார், மாமாவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன் என்றேன்.

"யார் அது, ஓகா?" என்றான். பின்னால் ஏதோ என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னேன். 1994 செப்டம்பரிலிருந்து ஆரம்பித்தேன்.